அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் ஐந்தில் இரண்டா?

கேள்வி:

அன்புள்ள ஐயா, நான் காரைக்குடிக்குப் பக்கத்தில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். 38 பிள்ளைகள். 1/2 + 1/3 எவ்வளவு என்று கேட்டால் பாதிப் பேர் 2/5 என்று எழுதுகிறார்கள். மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு) எடுத்துப் பகுதியை, அதாவது கீழே உள்ள எண்ணை, சமமாக்கும் முறையை இந்த வருடம் மூன்று தடவை நடத்திவிட்டேன். நடத்திய வாரம் சரியாகப் போடுகிறார்கள். அடுத்த மாதம் மறுபடியும் 2/5. பயிற்சி வகுப்பில் ‘விதியைச் சொல்லாதீர்கள், பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும்’ என்றார்கள். அதை நம்பி, காகிதத்தை மடிக்கக் கொடுத்துவிட்டு ஒரு பீரியட் முழுக்க வாயைத் திறக்காமல் நின்றேன். கப்பலும் ராக்கெட்டும்தான் வந்தன. டியூஷன் போகிற நாலு பேர் விடையைச் சொன்னார்கள், மற்றவர்கள் அதைப் பார்த்து எழுதிக்கொண்டார்கள். பெற்றோர் கூட்டத்தில் ஒரு மாணவனின் ஐயா (தாத்தா) எழுந்து, ‘எங்கள் அப்பச்சி (அப்பா) காலத்தில் வாய்ப்பாட்டை மனப்பாடம் பண்ணித்தான் பர்மாவுக்குக் கொண்டுவிக்க (தொழில் செய்ய) போனார்கள். சொல்லிக்கொடுக்காமல் என்னம்மா வகுப்பு?’ என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. சொல்லிக்கொடுப்பதா, வேண்டாமா?

— ஓர் ஆசிரியை, செட்டிநாடு

பதில்:

அன்புள்ள டீச்சர்,

சொல்லிக்கொடுங்கள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் ஒரு குற்ற உணர்வு தெரிகிறது. விதியைச் சொன்னாலும் தப்பு, சொல்லாவிட்டாலும் தப்பு என்ற இடத்தில் உங்களைக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார்கள். பிள்ளை தானாகப் புரிந்துகொள்ள வேண்டும் என்றால் ஆசிரியர் பேசாமல் நிற்க வேண்டும் என்று அர்த்தம் இல்லை. அந்த ஒரு பீரியடில் நீங்கள் விதியை மட்டும் எடுத்துவிடவில்லை, கேள்வியையும் சேர்த்து எடுத்துவிட்டீர்கள். மடிக்கச் சொன்னீர்கள், எதற்காக என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. அப்போது கப்பல் செய்வதுதான் புத்திசாலித்தனம்.

நானும் இதைச் செய்திருக்கிறேன். ஆசிரியர் பயிற்சியில் கணிதம் கற்பிக்கும் முறையை எடுப்பதற்கு முன் பள்ளியில் இருந்த காலத்தில், ‘முக்கோணத்தின் பரப்பளவைக் கண்டுபிடியுங்கள் பார்க்கலாம்’ என்று கரும்பலகையில் ஒரு முக்கோணத்தை வரைந்துவிட்டு உட்கார்ந்தேன். மணி அடிக்கும்வரை ஒன்றும் வரவில்லை. கடைசி ஐந்து நிமிடத்தில் சூத்திரத்தை எழுதிப் போட்டேன். மறு வருடம், மூலைக்கு மூலை வெள்ளையும் சிவப்புமாகப் பிரிந்த ஒரு ஆத்தங்குடித் தரைக்கல்லைக் கையில் எடுத்துக்கொண்டு போனேன். ‘இதில் சிவப்பு எவ்வளவு?’ அவ்வளவுதான் கேட்டேன். ‘பாதி’ என்று உடனே வந்தது. அடுத்து, உச்சி மூலையில் இல்லாமல் மேல் பக்கத்தின் நடுவில் எங்கோ இருக்கிற ஒரு முக்கோணத்தை அதே அளவுச் சதுரத்துக்குள் வரைந்து, ‘இதிலும் பாதிதானா?’ என்றேன். அதற்குப் பிறகு நான் அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை. உச்சியிலிருந்து நேர்கோடு இறக்கி இரண்டு துண்டாக்கிக் காட்டியவள், வகுப்பில் அதுவரை பேசாத ஒரு பெண். இரண்டு வகுப்பிலும் நான் சூத்திரத்தை முதலில் சொல்லவில்லை. வித்தியாசம் கேள்வியில் இருந்தது.

சரி, உங்கள் 2/5-க்கு வருவோம். அதை அழிப்பதற்கு முன் அது எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். சுவிட்சர்லாந்து உளவியலாளர் ஜீன் பியாஜே 1920 வாக்கில் பாரிசில் குழந்தைகளுக்கான அறிவுத்திறன் சோதனைகளைச் சீர்படுத்தும் வேலையில் இருந்தார். சரியான விடைகளை எண்ணுவதுதான் வேலை. அவருக்கோ தவறான விடைகளில்தான் ஆர்வம் பிறந்தது, ஏனென்றால் ஒரே வயதுப் பிள்ளைகள் ஒரே மாதிரித் தவறு செய்தார்கள். குழந்தை தன் அறிவைத் தானே கட்டுகிறது என்ற எண்ணம் அங்கிருந்துதான் வளர்ந்தது. உங்கள் வகுப்பிலும் பாதிப் பேர் ஒரே விடையை எழுதுகிறார்கள் என்றால் அது கவனக்குறைவாக இருக்க முடியாது. ஏதோ ஒரு நியாயம் அதற்குள் இருக்கிறது.

அந்த நியாயத்தைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தது பெரும்பாலும் நாம்தான். முதல் தேர்வில் 7/10, இரண்டாம் தேர்வில் 15/20. மொத்தம் எவ்வளவு என்று போடுகிறீர்கள்? 22/30. மேலோடு மேலும் கீழோடு கீழும் கூட்டி, சிவப்பு மையில், கையெழுத்தோடு! மதிப்பெண்ணுக்கு அது சரியான கணக்கு. அங்கே இரண்டு வேறு வேறு முழுமைகள் சேர்ந்து பெரிய முழுமை ஆகிறது. ஆனால் அரைப் படியும் மூன்றில் ஒரு பங்குப் படியும் சேரும்போது படி ஒன்றுதான், அது பெரிதாவதில்லை. 2/5 என்று எழுதும் பிள்ளை வேறொரு கேள்விக்குச் சரியான பதிலை இங்கே வைத்திருக்கிறது. ‘தப்பு, மீ.சி.ம. எடு’ என்று சொல்லும்போது அந்தப் பழைய நியாயம் அசையாமல் உள்ளேயே இருக்கிறது. மேலே ஒரு விதி ஒட்டிக்கொள்கிறது, ஒரு மாதத்தில் அது உதிர்ந்துவிடுகிறது. மூன்று முறை நடத்தியும் நிற்காததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். உங்கள் விளக்கத்தில் குறை இருந்திருக்காது.

ஆகவே முதல் வேலை, அந்த 2/5-ஐ அவர்களையே சந்தேகப்பட வைப்பது. ஒரு தரையில் 30 கல் பதித்திருக்கிறார்கள். பாதி எத்தனை? 15. ஐந்தில் இரண்டு பங்கு எத்தனை? 12. ‘பாதித் தரை போட்டாயிற்று, அதன் மேல் இன்னும் மூன்றில் ஒரு பங்கும் போட்டோம். முடிவில் பாதியைவிடக் குறைந்துவிட்டதே, எப்படி?’ இதைக் கேட்டுவிட்டு நிறுத்துங்கள். விளக்க வேண்டாம்.

இங்கே நிறுத்துவதுதான் கஷ்டம். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970-களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளை வைத்துக் கணக்கிட்டார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டியபோது பிள்ளைகளின் பதில்கள் நீண்டன, பேசாதவர்கள் பேசினார்கள். மூன்று விநாடி என்பது கேட்கச் சின்னது. 38 முகங்களுக்கு முன்னால் நிற்கும்போது அது எவ்வளவு நீளம் என்று உங்களுக்கே தெரியும். அதனால் நான் வேறொன்று செய்வேன்: ‘பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள்’ என்று இரண்டு நிமிடம் கொடுத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நடுவில் நடந்து காதைக் கொடுத்துக் கேட்பேன். நீங்கள் பீரியட் முழுக்கக் காத்த மௌனத்துக்கும் இதற்கும் வித்தியாசம் இருக்கிறது. அங்கே கேள்வி இல்லை. இங்கே ஒரு கேள்வி அவர்களை உறுத்திக்கொண்டிருக்கிறது.

அடுத்த நாள் இதைக் கொண்டுபோங்கள். 12 கல் பதித்த ஒரு சின்னத் தரை. பாதி சிவப்பு, மூன்றில் ஒரு பங்கு மஞ்சள், மிச்சம் பச்சை. கட்டம் போட்ட நோட்டில் வண்ணம் தீட்டட்டும். சிவப்பு 6, மஞ்சள் 4, இரண்டும் சேர்ந்து 12-ல் 10. பிறகு 18 கல். சிவப்பு 9, மஞ்சள் 6, சேர்ந்து 18-ல் 15. அப்புறம், 10 கல் கொடுங்கள். சிவப்பு 5, சரி. மஞ்சள்? இங்கே வகுப்பு நின்றுவிடும். நிற்கட்டும். ‘கல்லை உடைக்காமல் இந்த வேலையை முடிக்க, எத்தனை எத்தனை கல் உள்ள தரைகள் தோதுப்படும்?’ என்று கேளுங்கள். 6, 12, 18, 24 என்று பட்டியல் கரும்பலகையில் நீளும். யாராவது ஒருத்தர் ‘எல்லாம் ஆறாம் வாய்ப்பாடு டீச்சர்’ என்பார்கள். இன்னொருத்தர் ‘சின்னத் தரை 6’ என்பார். அந்த நிமிடம்தான், டீச்சர், நீங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டிய நிமிடம். ‘இந்த 6-க்கு ஒரு பெயர் இருக்கிறது, மீச்சிறு பொது மடங்கு’ என்று சொல்லுங்கள். 10/12, 15/18, 5/6 மூன்றும் ஒரே அளவுதானா என்று கேட்டுவிட்டு, ‘ஆமாம்’ வந்த பிறகு, ‘இவற்றைச் சமான பின்னங்கள் என்போம்’ என்று சொல்லுங்கள். பெயரையும் குறியீட்டையும் எந்தப் பிள்ளையாலும் யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது. அவை மனிதர்கள் வைத்துக்கொண்ட வழக்கம், சொல்லித்தான் ஆக வேண்டும். மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி என்பதைக் ‘கண்டுபிடி’ என்று சொல்வது பிள்ளையை வதைப்பது. ஆனால் 6 கல்லில் முடிகிற வேலை 10 கல்லில் ஏன் முடியவில்லை என்பதை அவர்களால் காண முடியும். காண முடிந்ததை நாம் முந்திக்கொண்டு சொல்லிவிட்டால், அவர்களுக்கு அது இன்னொரு வழக்கமாக, இன்னொரு மனப்பாடமாகத்தான் போய்ச் சேரும்.

1/4 + 1/6 கொடுக்கும்போது சிலர் 12-க்குப் பதில் 24 கல் எடுப்பார்கள். விட்டுவிடுங்கள், விடை சரியாகவே வரும். சின்னதை எடுத்தால் வேலை மிச்சம் என்பதை இரண்டு மூன்று கணக்கில் அவர்களே பிடித்துக்கொள்வார்கள்.

டியூஷன் போகும் அந்த நாலு பேர் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல பாடத்தையும் ஐந்து நிமிடத்தில் முடித்துவிடக் கூடியவர்கள் அவர்கள்தான். அவர்களை அடக்க வேண்டாம். ‘மீ.சி.ம. எடுக்கணும் டீச்சர்’ என்று கத்தினால், ‘சரி, ஏன் எடுக்கணும்? கல்லை வைத்துக் காட்டு’ என்று கேளுங்கள். விடை தெரிந்த பிள்ளையும் தெரியாத பிள்ளையும் அந்தக் கேள்விக்கு முன்னால் கிட்டத்தட்ட ஒரே இடத்தில்தான் நிற்பார்கள். இன்னொன்று. ‘எப்படித் தெரிந்தது?’ என்ற கேள்வியைச் சரியான விடைக்கும் கேளுங்கள். தப்பான விடைக்கு மட்டும் கேட்டுப் பழக்கினால், டீச்சர் ‘எப்படி’ என்று கேட்டாலே விடை தப்பு என்று பிள்ளைகள் தெரிந்துகொள்கிறார்கள். உடனே அழிக்க ரப்பரைத் தேடுவார்கள். யாரை முதலில் பேசவிடுவது என்பதையும் நடந்து பார்க்கும்போதே முடிவு செய்துவிடுங்கள். படம் மட்டும் வரைந்து பாதியில் நிற்பவரை முதலில், எண்ணாக எழுதியவரைக் கடைசியில். தலைகீழாகப் போனால் முதல் ஆள் பேசி முடித்ததோடு மற்றவர்கள் நோட்டை மூடிவிடுவார்கள்.

இப்போது அந்தப் பெரியவரின் கேள்வி. அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது, அதை மறுக்காதீர்கள். அந்தக் காலத்துப் பையன்கள் எண்சுவடி என்ற வாய்ப்பாட்டுப் புத்தகத்தை ராகம் போட்டு மனப்பாடம் செய்தார்கள். இன்றைக்கும் வாய்ப்பாடு மனப்பாடமாக இருக்க வேண்டும் என்றுதான் நானும் சொல்வேன். ஆறாம் வாய்ப்பாடு நாக்கில் இல்லாத பிள்ளைக்கு 6, 12, 18 என்ற பட்டியல் கண்ணில் படாது. ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. வாய்ப்பாட்டோடு கப்பல் ஏறிய பையன் பெட்டியடிப் பையனாக, அதாவது வேலை பழகும் சிறுவனாக, கடையில் உட்கார்ந்தான். அங்கே மேலே இருப்பவர் கடன் கொடுப்பதையும், வட்டி போடுவதையும், பேரேட்டில் எழுதுவதையும், ஐந்தொகை (வரவு செலவு இருப்புக் கணக்கு) நேராகிறதா என்று பார்ப்பதையும் பக்கத்தில் இருந்து பார்த்தான். தானே போட்டான், தப்பாகப் போட்டான், ஐந்தொகை இடித்தால் எங்கே இடிக்கிறது என்று தேடினான். அப்படித்தான் அடுத்தாள், அதாவது மேலே இருப்பவருக்கு அடுத்த ஆள், ஆனான். மனப்பாடம் ஒரு பாதி. உண்மையான கணக்கு முன்னால் இருக்க, பெரியவர் பக்கத்தில் இருக்க, தன் தப்பைத் தானே தேடியது மறு பாதி. நாம் வகுப்பில் விட்டுவிட்டது அந்த இரண்டாவது பாதியைத்தான்.

அந்தப் பெரியவரை ஒரு நாள் வகுப்புக்கே கூப்பிடுங்கள் என்பது என் யோசனை. ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘ஐயா, அரை ரூபாயும் மூன்றில் ஒரு பங்கு ரூபாயும் சேர்ந்தால் அந்தக் காலத்துக் கணக்கில் எவ்வளவு?’ 1957-ல் நயா பைசா வரும்வரை ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை. அரை ரூபாய் 8 அணா. மூன்றில் ஒரு பங்கு 5 அணா 4 பை. கூட்டினால் 13 அணா 4 பை. ரூபாய்க்கு 192 பை, இது 160 பை. 192-ல் 160 என்றால் ஆறில் ஐந்து! பள்ளிக்கூடத்தில் மீ.சி.ம. என்ற வார்த்தையைக் கேட்டே இராத ஆளும் இதைப் போட்டிருப்பார். அரையையும் மூன்றில் ஒன்றையும் எண்ணக்கூடிய ஒரே சின்னக் காசுக்கு மாற்றிவிட்டுக் கூட்டியிருக்கிறார். பகுதியைச் சமமாக்குவது என்றால் இதுதான், வேறொன்றும் இல்லை. பிள்ளைகளிடம், ‘அணாவுக்கு ஏன் 10 பை வைக்காமல் 12 வைத்தார்கள்?’ என்று கேட்டுப் பாருங்கள். 10 கல்லில் மஞ்சள் வராமல் முழித்தவர்களுக்கு இது உடனே பிடிபடும்.

நம் மொழியிலும் இந்தப் பின்னங்கள் பொதிந்து கிடக்கின்றன. அரைக்கால் என்றால் காலில் அரை, அதாவது 1/8. பின்னத்தைப் பின்னத்தால் பெருக்குவது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. வீசம் என்றால் 1/16. ‘காலே அரைக்கால்’ என்று வீட்டில் அப்பத்தாவோ ஆயாவோ சொல்வதைக் கேட்டிருக்கிறீர்களா என்று விசாரித்துவரச் சொல்லுங்கள். காலும் அரைக்காலும் சேர்ந்தது, 3/8. கால் ரூபாய் 4 அணா, அரைக்கால் ரூபாய் 2 அணா, ஆக 6 அணா. இதை நான் பழம்பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னம் என்பது புத்தகத்தில் மட்டும் இருக்கிற ஒன்று என்று நினைக்கும் பிள்ளைக்கு, தன் வீட்டுப் பேச்சிலேயே அது இருக்கிறது என்று தெரிவது பெரிய தெம்பு.

நேரம் போகிறதே, பாடத்திட்டம் முடியாதே என்று தலைமையாசிரியர் கேட்பார். கேட்க வேண்டியதுதான், அது அவர் பொறுப்பு. மூன்று தடவை நடத்தியதற்கு எத்தனை பீரியட் ஆனது என்று உங்கள் பாடக் குறிப்பேட்டைப் புரட்டி எண்ணி எடுத்துக்கொண்டு போங்கள். மேலே சொன்ன கல் கணக்குக்கு நாலு பீரியட் போதும். அதற்குப் பிறகு பயிற்சிக் கணக்குகள் நிறையக் கொடுக்க வேண்டும். அதை விட்டுவிடாதீர்கள், புரிந்துவிட்டது என்பதற்காகக் கை பழகாமல் இருந்தால் தேர்வில் தடுமாறுவார்கள். எல்லாப் பாடத்தையும் இப்படி நடத்தவும் வேண்டாம். பின்னம், குறை எண்கள், பரப்பளவு, எழுத்துக்களை எண்ணுக்குப் பதில் வைக்கிற இயற்கணிதத்தின் தொடக்கம் — இந்த நாலு இடத்தில் கால் ஊன்றினால் போதும். மற்றப் பாடங்களில் எப்போதும்போல விளக்கிவிட்டுப் போகலாம்.

ரிச்சர்ட் ஸ்கெம்ப் என்ற ஆங்கிலேயக் கணிதக் கல்வியாளர் 1976-ல் இரண்டு வகைப் புரிதலைப் பிரித்து எழுதினார். எப்படிச் செய்வது என்று மட்டும் தெரிவது ஒன்று, ஏன் அப்படிச் செய்கிறோம் என்றும் தெரிவது மற்றொன்று. உங்கள் செட்டிநாட்டு ஊரான கானாடுகாத்தானை நினைத்துக்கொள்ளுங்கள். நேர் நேராகத் தெருக்கள், ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்கட்டு வாசல். வெளியூர்க்காரரிடம் ‘மூன்றாவது சந்தில் திரும்பு, ஐந்தாவது வீடு’ என்று சொல்லி அனுப்பினால் போய்ச் சேர்ந்துவிடுவார். ஒரு சந்தை எண்ணாமல் விட்டுவிட்டால் தொலைந்தார், ஏனென்றால் எல்லாத் தெருவும் ஒன்றுபோல இருக்கும். அந்த ஊர்ப் பிள்ளை எந்தத் தெருவில் விட்டாலும் வீட்டுக்கு வந்துவிடும். உங்கள் பிள்ளைகள் ஒரு மாதம் கழித்துத் தொலைந்துபோவது அந்த முதல் ஆளைப்போலத்தான்.

கடைசியாக ஒரு விஷயம். 10 கல் தரையை நான் ‘முடியாது’ என்பதுபோல எழுதிவிட்டேன். வகுப்பில் ஒரு பிள்ளை, ஒருவேளை ஆத்தங்குடியில் கல் போடும் பட்டறையில் வேலை செய்கிறவரின் பிள்ளை, ‘ஏன் டீச்சர், ஒரு கல்லை மூணா வெட்டினா முடிஞ்சிடுமே’ என்று சொல்லக்கூடும். பக்கத்தில் இருப்பவன் ‘வெட்டினா பூ கெட்டுப்போகும்டா’ என்பான். வெட்டலாம் என்று சொன்னவன் சொன்னது சரி. சிவப்பு 5, மஞ்சள் மூன்று கல்லும் ஒரு துண்டும், சேர்ந்து எட்டே மூன்றில் ஒரு கல். அது 10 கல்லில் எத்தனை பங்கு என்று அவனையே கேளுங்கள். எல்லாக் கல்லையும் மூன்று மூன்றாக வெட்டினால் மொத்தம் 30 துண்டு, அதில் 25. அவனும் ஆறில் ஐந்துக்குத்தான் வந்து சேருவான், உங்கள் பாடக் குறிப்பில் இல்லாத வழியில். அன்றைக்கு அந்த நோட்டுப் பக்கத்தைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு எனக்கும் ஒன்று அனுப்புங்கள்.